பேட் சம்மிட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974 முதல் 2012 வரை, 38 பருவங்கள், தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் பேட் சம்மிட். 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசியப் பட்டம். அந்த அணியின் ஆட்டங்களைப் பல வருடம் விடாமல் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி. ஒரே வேண்டுகோள்: வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ‘யார் பெரியவர்’ என்று கேட்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): 22 வயதுப் பெண்ணை நம்பி அணியைக் கொடுத்தது எப்படி?

நம்பிக் கொடுத்தார்கள் என்று யார் சொன்னது? முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கத்தான் அவரை அழைத்தார்கள். அதற்குள் அப்போதைய பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். அதற்குள் வகுப்பு எடுக்க வேண்டும், தானும் படிக்க வேண்டும், அடிபட்ட முழங்காலைத் தேற்றி 1976 ஒலிம்பிக்கில் ஆடத் தயாராகவும் வேண்டும். (ஆடினார்; வெள்ளியும் வாங்கினார். 1984-ல் பயிற்சியாளராகப் போய்த் தங்கம்.)

அணியின் வேனை ஓட்டியது அவர். சீருடையைத் துவைத்ததும் அவர். அந்தச் சீருடையே முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியது. ஆட்டக்காரர்களில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் சிறியவர்கள். முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழக அணியிடம் 84-83 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள். வேறு யாரும் கேட்டு வராத வேலை, அதனால் அவருக்குக் கிடைத்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வி (சென்னை): சம்மிட்டா, கனெடிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆண் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவா, யார் சிறந்தவர்?

வேண்டுகோளைப் படிக்கவில்லை போலிருக்கிறது. சரி, ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பட்டங்களில் ஆரியெம்மா முன்னால்: 2025-ல் 12-ஆவது வாங்கினார். நேருக்கு நேர் 22 ஆட்டங்களில் 13-9 என்று அவர் கைதான் மேல். வெற்றி எண்ணிக்கையில் 2020-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் சம்மிட்டைத் தாண்டினார். 2024-ல் ஆரியெம்மா வான்டர்வீரையும் தாண்டினார். ஆனால் சம்மிட் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது பருவத்துக்கு இருபத்து நான்கு ஆட்டம்தான். இப்போது முன்னணி அணிகள் முப்பத்தைந்துக்கு மேல் ஆடுகின்றன. எண்ணுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): அவ்வளவு பெரிய பயிற்சியாளர் என்றால் முதல் பட்டத்துக்கு 13 வருடம் ஏன் ஆனது?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., 1982-க்கு முன் பெண்கள் கூடைப்பந்துக்குப் போட்டியே நடத்தவில்லை. வேறொரு அமைப்பு நடத்தியது. அதன் இறுதி ஆட்டத்தில் டென்னசி 1980-லும் 1981-லும் தோற்றது. 1984-ல் என்.சி.ஏ.ஏ. இறுதியிலும் தோல்வி. 1987-ல்தான் லூசியானா டெக் அணியை 67-44 என்று அடித்துப் பட்டம் வாங்கினார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970-களின் இறுதிவரை டென்னசி பள்ளிகளில் பெண்கள் ஆடியது ஆறு பேர் ஆட்டம். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்து போடுவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் நினைத்த காலத்து மிச்சம் அது. தடுப்பாட்டக்காரியாக வளர்ந்த பெண் பள்ளி முடிக்கும்வரை கூடையை நோக்கி ஒரு பந்துகூட எறிந்திருக்க மாட்டாள். அவளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஐவர் ஆட்டம் கற்றுக்கொடுக்க வேண்டும். சொந்த மாநிலத்திலேயே ஆள் எடுப்பது கஷ்டம் என்ற நிலை. சம்மிட் இதை வெளிப்படையாக எதிர்த்தார், பிறகுதான் மாறியது.

கேள்வி (கோவை): சம்பளம் எவ்வளவு?

2006-ல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தொட்டார். பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் அவர்தான் முதல் ஆள்.

கேள்வி (மதுரை): அவரைப் பற்றி உங்களுக்குப் பிடித்த கதை?

1990. நிறைமாதக் கர்ப்பிணி. மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்கு இழுக்க பென்சில்வேனியாவுக்குப் போயிருக்கிறார். அந்தப் பயணத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டு விமானம் ஏறினார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று கேட்டதற்கு முடியவே முடியாது என்றாராம். காரணம், அந்த ஆண்டு அவர்களைப் போட்டியிலிருந்து வெளியேற்றிய அணி வர்ஜீனியா! பிள்ளை டென்னசியில்தான் பிறந்தான். அந்தப் பெண் முதலில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், அப்புறம் டென்னசிக்கு மாறினாள், 1996-ல் பட்டமும் வாங்கிக் கொடுத்தாள்.

கேள்வி (சேலம்): என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். அமெரிக்காவில் உதவித்தொகை கிடைக்குமா?

இது என் துறை இல்லை. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு நேரடியாக எழுதுங்கள், ஆட்டக் காணொளியோடு. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி (நெல்லை): சம்மிட்டா ஆரியெம்மாவா?

மேலே பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஆண் பயிற்சியாளர்கள் வந்த பிறகுதானே பெண்கள் ஆட்டம் வளர்ந்தது?

வரிசை தலைகீழ். 1972-ல் கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது, எல்லா விளையாட்டும் சேர்த்து, கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். நாற்பது வருடம் கழித்து அது பாதிக்கும் கீழே. கூடைப்பந்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. சட்டத்தால் பணம் வந்தது, பணம் வந்ததும் வேலைக்கு மதிப்பு வந்தது, மதிப்பு வந்த பிறகுதான் ஆண்கள் விண்ணப்பித்தார்கள். மாதம் 250 டாலருக்கு வேன் ஓட்டும் வேலைக்கு எத்தனை ஆண்கள் வரிசையில் நின்றார்கள்?

அதே புதுச்சேரி வாசகர்: அப்படியானால் ஆரியெம்மாவின் 12 பட்டம் சும்மாவா?

சும்மா என்று நான் சொல்லவே இல்லை. அவர் மேதை. ஆனால் 1985-லிருந்து அவர் பக்கத்தில் நிற்கும் துணைப் பயிற்சியாளர் கிறிஸ் டெய்லி ஒரு பெண். அந்தப் பெயர் உங்கள் கேள்வியில் வருவதே இல்லை. சம்மிட்டும் பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தித்தான் ஆடவிட்டார். ஆண்கள் வரக் கூடாது என்பது அல்ல என் வாதம். வளர்த்தது யார் என்பதுதான். இன்னொன்று: டென்னசியின் ஆண்கள் அணியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே கேட்டிருக்கிறார்கள். அதை ஏன் பதவி உயர்வாக நினைக்கிறீர்கள் என்ற தோரணையில் மறுத்துவிட்டார்.

கேள்வி (தஞ்சை): நினைவிழப்பு நோயோடு எப்படிப் பயிற்சி கொடுத்தார்?

2011 ஆகஸ்டில், 59 வயதில், அல்சைமர் என்று தானே அறிவித்தார். ஒரு பருவம் உதவியாளர்களோடு நடத்தி, 2012 ஏப்ரலில் விலகினார். அவரிடமே ஆடி, பல வருடம் துணையாக இருந்த ஹாலி வார்லிக் பொறுப்பேற்றார். சம்மிட் 2016-ல் மறைந்தார். நோயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): 1,098 வெற்றிதான் அவருடைய பெரிய சாதனையா?

எண்ணிக்கையை விடமாட்டீர்களா? அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டதாரி ஆனாள். வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது அணியின் விதி. எண் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று.