பொருள் உங்களுடையது என்பதற்கு என்ன அடையாளம்?

கேள்வி: செங்கோட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஆரியங்காவு, புனலூர் வரை கோயில் விழா, கல்யாணம் என்று சாமான் போகும். போன மாதம் ஒரு விழாவில் இன்னொரு மைக் செட்காரரும் வந்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மிக்சரும் கார்ட்லெஸ் மைக்கும் எங்களுடையது இல்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது. அவரோ "உங்களுடையது என்பதற்கு என்ன அடையாளம்?" என்கிறார்.
*— வாசகர், செங்கோட்டை*

பதில்: முதலில் வாங்கிய பில், வாரண்டி கார்டு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தேடுங்கள். எதிலாவது சீரியல் நம்பர் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நேரில் போய், அவர் முன்னாலேயே மிக்சரைத் திருப்பிப் பாருங்கள். சண்டை வேண்டாம், நம்பர் பேசும்.

இனிமேலுக்குச் சொல்கிறேன். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்தச் சின்ன மெஷினே போதும். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத் தகட்டில், ஸ்பீக்கர் பாக்ஸில் ஜாக் சொருகும் தகட்டின் ஓரத்தில், உங்கள் செல் நம்பரையும் அந்தப் பொருளின் வரிசை எண்ணையும் வெட்டுங்கள். எண் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ளவரும் படித்துவிட்டுக் கூப்பிடுவார். வெட்டும்போது மின்சார வயரைக் கழற்றிவிட்டு, காற்றுப்போகும் ஓட்டைகளை டேப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் போர்டு ஷார்ட் ஆகிவிடும். கம்பெனி சீரியல் லேபிள் மேல் மட்டும் கை வைக்கவே கூடாது. அப்புறம் பாக்ஸைத் திறந்து, ஸ்பீக்கர் காந்தத்தின் பின்னாலும் அழியாத மார்க்கரால் அதே எண்ணை எழுதுங்கள். வெளியே உள்ளதைத் தேய்த்து அழித்தாலும் உள்ளேயும் எண் இருப்பது எடுத்தவருக்குத் தெரியாது. கார்ட்லெஸ் மைக்குக்கு பேட்டரி போடும் அறைக்குள், ரிசீவருக்கு அடியில், இரண்டுக்கும் ஒரே எண்.

இத்தனையும் நோட்டில் ஏறாவிட்டால் பாதி வேலைதான். வரிசை எண், கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, லேபிளின் போட்டோ எல்லாம் இருக்கட்டும். ஏற்றும்போது ஒரு டிக், நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் வண்டியில் திரும்ப ஏற்றும்போது இன்னொரு டிக். சாமான் மாறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், அதனால் இந்த இரண்டாவது டிக்கை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

நிஜமாகவே திருடு போனால், அது கேரள எல்லைக்குள் நடந்திருந்தாலும் செங்கோட்டை ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173 இதற்கு இடம் தருகிறது. அங்கே பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். புகாரில் சீரியல் நம்பரைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டரில் லேப்டாப்பும் டேபும் வைத்திருக்கிறோம். இதிலும் பெயர் வெட்டலாமா? கண்ணுக்குத் தெரியாத மை பேனா நல்லதா?
*— ஆசிரியை, கம்பம்*

பதில்: வெட்ட வேண்டாம் மேடம். அடியில் பேட்டரி இருக்கிறது, லித்தியம் பேட்டரியில் ஊசி இறங்கினால் தீப்பிடிக்கும். உரித்தால் எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும் 'வாய்டு' லேபிள் வாங்கி ஒட்டுங்கள், காகித ஸ்டிக்கர் கை வியர்வைக்கே போய்விடும். அல்ட்ரா வயலட் விளக்கில் மட்டும் தெரியும் மை துடைக்கத் துடைக்க மங்கும், அதனால் அது இரண்டாவது அடையாளமாக இருக்கட்டும். லேப்டாப் அடியில் உள்ள லேபிள் தேய்ந்திருந்தால் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸைக் காட்டும் பயாஸ் திரையில் சீரியல் நம்பர் கிடைக்கும். சிம் போடும் டேப் என்றால் அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்து வையுங்கள். தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதிந்து, நாடு முழுவதும் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். வைஃபை மட்டும் உள்ள டேபுக்கு அந்த எண் கிடையாது, அதற்கு சீரியல் நம்பர்தான்.

கேள்வி: பழைய போன் ஒன்று சகாய விலைக்கு வருகிறது. திருட்டுப் போனா என்று எப்படிப் பார்ப்பது?
*— வாசகர், புளியரை*

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்பு \*#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ, போலி எண் என்றோ பதில் வந்தால் வாங்காதீர்கள். பில் கேளுங்கள், அதில் உள்ள எண்ணும் போனில் வந்த எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில் இல்லை என்பவரிடம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.