மலை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது, ஷோரூமில் ‘எல்லாம் ஓகே’ என்கிறார்கள்

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். கோவையில் புதுக் கார் எடுத்து ஐந்து மாதம் ஆகிறதாம், பெட்ரோல் ஆட்டோமேட்டிக். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழிவரை பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அதற்கப்புறம் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, அரை மணி நேரம் ஓரம் கட்டினால் சரியாகிவிடுகிறது. ஷோரூமில் பல தடவை காட்டியும் “குறை எதுவும் இல்லை மேடம், மலையில் அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். கம்பெனிக்காரர்களையே வந்து பார்க்க வைக்க முடியுமா, அதே மாடலை டாக்ஸியாக ஓட்டும் கொழுந்தனாரும் புகார் கொடுக்கலாமா என்பது கேள்வி.

வைக்கலாம். ஆனால் “பிரேக் வீக்கா இருக்கு” என்று வாயால் சொன்னால் எந்தக் கம்பெனியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் இறங்கியபின், பெடல் என்ன ஆனது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மலையில்தான் குறை வருகிறது என்றால் மலையில்தான் சோதிக்க வேண்டும். உங்கள் சண்டை முழுக்க இந்த இரண்டுக்காகத்தான்.

கோவையில் ஏன் ஒன்றும் தெரிவதில்லை என்று பாருங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறத்தாழ 1500 மீட்டர் இறங்குகிறீர்கள். 1300 கிலோ வண்டி அந்த இறக்கத்தில் விடும் சக்தி சுமார் அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இஞ்சின் அதில் ஒரு பங்கைத் தாங்கவில்லை என்றால் பெரும்பகுதியும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கில்தான் சூடாக இறங்கும். ஷோரூம் பையன் ஓட்டிப் பார்ப்பது நாலு சிக்னல் தூரம், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு. டிஸ்க் சூடே ஆகாது.

நீங்கள் சொல்லும் அறிகுறி பிரேக் ஆயில் சூடேறிக் கொதிப்பதோடு ஒத்துப்போகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும், நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும், ஆறினால் குமிழி மறைந்து பெடல் திரும்பிவிடும். ஐந்து மாத வண்டியில் இவ்வளவு சீக்கிரம் இது வருவதாக இருந்தால் ஆயிலில் காற்றோ ஈரமோ முதலிலேயே இருந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் விடாமல் உரசிக்கொண்டே வரலாம். இரண்டாவதை நீங்களே பார்க்கலாம். இறங்கி முடித்ததும் வண்டியை நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தகித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் உள்ளே போகாமல் இறுகிப்போகிறது என்றால் அது வேறு கதை, உங்கள் மிதிக்குப் பலம் கூட்டித் தரும் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, காற்றழுத்தத்தை நம்பி வேலை செய்யும் பூஸ்டரின் உதவியும் குறையும்.

“நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள்” என்பதுதான் அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும். அந்த வாயை முதலில் அடையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யில் போட்டுவிட்டு இறங்கக் கூடாது, எல் அல்லது மேனுவலில் போட்டு, ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள். அப்படி இறங்கியும் பெடல் போகிறது என்று எழுதினால்தான் உங்கள் புகாருக்குக் கால் முளைக்கும்.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை ஷோரூமில் எழுதிக்கொள்ளும் தாள். நான் பார்த்த பிரேக் தகராறுகளில் பாதிக்கு மேல் தோற்றது இந்த ஒரு தாளில்தான். நீங்கள் பத்து நிமிடம் விளக்கிச் சொல்லியிருப்பீர்கள், சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் ‘ஜெனரல் செக்கப், பிரேக் கிளீனிங்’ என்று தட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆறு மாதம் கழித்துக் கம்பெனி சொல்லும், எங்கள் பதிவில் பிரேக் புகாரே இல்லையே என்று. அதனால் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: “கோத்தகிரி இறக்கத்தில், குறைந்த கியரில் சுமார் 20 கி.மீ. இறங்கியபின் பிரேக் பெடல் உள்ளே போகிறது, அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறது.” எழுத மாட்டேன் என்றால் அங்கேயே நின்று அதே வரியை அவருக்கும் கம்பெனிக்கும் மெயில் அனுப்பிவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது ‘முழு திருப்தி’ என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், “சாலையில் சோதிக்காமல் பெற்றுக்கொண்டேன்” என்று மேலேயே எழுதிப் போடுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பேட் மாற்றினால் பழைய பேட்டைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் போட்டோவாவது எடுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து வெளியில் வேறு பேட் போடவே கூடாது, நல்ல எண்ணத்தில் செய்தாலும் சாட்சி அதோடு போயிற்று, வாரண்டியும் தகராறாகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “ஏரியா மேனேஜர் நம்ம ஆளு, நான் பேசி வண்டியையே மாத்தித் தரேன்” என்று வருவார்கள். ஒரிஜினல் பில்லையும் வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்தையும் கேட்பார்கள். கொஞ்ச நாளில் ஒரு இலவச சர்வீஸ் கூப்பன் வரும், அதோடு ‘புகார் தீர்ந்தது’ என்ற கடிதமும் உங்கள் கையெழுத்தோடு போயிருக்கும். இவர்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி வருவதை நம்பாமல், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

கம்பெனிக்கு அனுப்பும் மெயிலில் சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், ஜாப் கார்டு நம்பர்கள், தேதிகள் போதும். கேட்க வேண்டியது மூன்று: கம்பெனியின் டெக்னிக்கல் இன்ஜினியர் உங்களோடு உட்கார்ந்து அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பிரேக் ஆயிலின் ஈர அளவையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தர வேண்டும், முடிவை எழுத்தில் சொல்ல வேண்டும். 15 நாள் கெடு வையுங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, ஆனால் புகார் பெரும்பாலும் டீலரைத் தாண்டிக் கம்பெனியின் மேசைக்குப் போகும்.

அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் புகார் (குறையுள்ள மாடலைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யக் கோருவது) பதியவும் 2021 ஏப்ரல் முதல் வழி இருக்கிறது. பதியுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அதிகம் விற்கும் மாடல் என்றால் ஆயிரத்துக்கு மேல் புகார் சேர்ந்தால்தான் கட்டாய விசாரணைக்கே கதவு திறக்கும். இறக்கத்தில் மட்டும் தெரிகிற குறைக்கு ஆயிரம் பேரை நீலகிரியில் எங்கே போய்ப் பிடிப்பது? சமவெளியில் உட்கார்ந்து போட்ட கணக்கு.

கடைசி வழி நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், டீலர் கோவையில் இருந்தாலும் கம்பெனி புனேயில் இருந்தாலும் ஊட்டிக்குத்தான் வந்தாக வேண்டும். வண்டிக்குக் கொடுத்த பணம் 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். வண்டியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பது என்ன என்று ஆணைய வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், ‘அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்’ என்று அவர்கள் இழுப்பது இந்தக் கெடுவையும் சேர்த்துத்தான். புது வண்டியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கிளட்ச் குறை சம்பந்தமான ஒரு கார் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம், குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், முழு வண்டியையும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

கொழுந்தனார் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் “மஞ்சள் போர்டு வண்டிக்குக் கேஸ் கிடையாது” என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள், வக்கீல்களிலும் சிலர் அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை. லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் டாக்ஸி, ஆட்டோவையே உதாரணமாகக் காட்டி விளக்கியது: தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான், வாங்கி முழுக்க முழுக்க வேறொருவர் கையில் ஓட்டக் கொடுத்தவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆகவே கொழுந்தனார் தானே ஓட்டுகிறவர் என்றால் தாராளமாகப் போடலாம். மனுவில் “என் குடும்பப் பிழைப்புக்காகச் சுயதொழிலாக நானே ஓட்டுகிறேன்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும், அது விட்டுப்போனால் எதிர்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் பிடிப்பார். டிரைவிங் லைசென்ஸ், பெர்மிட் நகல்களை இணையுங்கள். நாலு வண்டி வாங்கி நாலு டிரைவர் வைத்திருக்கிறார் என்றால் இந்த வழி அவருக்கு இல்லை. இருவரும் ஒரே மனுவாகப் போட வேண்டாம், தனித்தனியாகப் போட்டு, அவருடைய ஜாப் கார்டு நகலை உங்கள் மனுவில் சாட்சியாகச் சேருங்கள்.

அதுவரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இறக்கம் இறங்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். அடுத்த தடவை ஷோரூமுக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு இறங்கவும் வேண்டாம், பெரும்பாலான புது வண்டிகளுக்கு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கும், பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி டோ வண்டியை வரவழையுங்கள். அந்த டோ ரசீதையும் ஃபைலில் வையுங்கள்.