வாசகர் கேள்வி பதில்: தெருமுனை ராமென் கடையில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: வேலை மாற்றலில் டோக்கியோவுக்குக் குடிவந்திருக்கிறோம். எங்கள் தெருவிலேயே, சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை ஒன்று இருக்கிறது; பத்துப் பேர்கூட உட்கார முடியாத சின்னக் கடை. வாசலில் துணி தொங்குவதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரிவதில்லை. மொழி தெரியாத நான் அங்கே போய்ச் சாப்பிட முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால், மொழி தெரியாதவருக்கு ஜப்பானில் மிகவும் வசதியான சாப்பாட்டுக் கடை இதுதான். வாசலில் தொங்கும் அந்தத் துணிக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்றும், உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்றும் பொருள். மூடும் நேரம் எழுதியிருந்தாலும், அன்றைக்குக் காய்ச்சிய சூப் தீர்ந்ததும் நோரெனைக் கழற்றிவிடும் கடைகள் பல உண்டு. ஆகவே இரவு கடைசி நேரத்தில் போய் ஏமாற வேண்டாம். அலுவலகக் கூட்டம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை நெரிக்கும். அது வடிந்த பிறகு, ஒன்றரை மணி வாக்கில் முதல் முறை போய்ப் பாருங்கள். மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் கடையை அடைத்துவிடுகிறவர்களும் இருப்பதால், அதற்கு மேல் தாமதிக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் நேராக இருக்கையைத் தேடிப் போகாமல், கதவுக்கருகே வரிசை வரிசையாகப் பொத்தான்கள் பதித்த இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், முதலில் பணத்தைப் போட்டு, பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். சிறு சீட்டு ஒன்று கீழே விழும். எதை அழுத்துவது என்று புரியாவிட்டால் மேல் வரிசையில் இடது ஓரத்தில் இருப்பதை அழுத்துங்கள். தங்கள் கடையின் முதன்மையான ராமெனை அங்கே வைப்பதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். கையில் 1,000 யென் நோட்டுகளும் சில்லறையும் வைத்துக்கொள்வது நல்லது. பழைய இயந்திரங்கள் பலவும் 10,000 யென் நோட்டை ஏற்பதில்லை. 2024 ஜூலை 3 அன்று ஜப்பானில் புதிய நோட்டுகள் வெளியானபோது, இயந்திரத்தை மாற்றுவதற்கான செலவு சிறு கடைக்காரர்களின் தலையில்தான் விழுந்தது. எனவே புதிய நோட்டைத் திருப்பித் துப்பும் இயந்திரத்தைக் கண்டால் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மீதிச் சில்லறை தானாக வராவிட்டால் அதற்கென்று பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும்.

கடைக்காரர் கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்து சீட்டைக் கவுன்டரின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். அப்போது அவர் ஏதாவது கேட்டால், நூடுல்ஸ் எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்றோ, பூண்டு சேர்க்கலாமா என்றோ இருக்கும். ‘ஃபுட்சூ’ என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால், வழக்கம்போல இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்வார். தண்ணீர் இலவசம், பெரும்பாலும் கவுன்டரில் உள்ள குடத்திலிருந்து நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நானும் என் கணவரும் சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை சரியாக இல்லை. அப்படி என்ன அவசரம்?

அவசரத்துக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கடையின் கணக்கு. ராமென் அன்றாடச் சாப்பாடு என்ற எண்ணம் ஜப்பானியர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பதால், ஒரு கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னுக்கு மேல் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று கடைக்காரர்கள் நெடுங்காலமாக அஞ்சி வந்திருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பு, மாவு, எரிவாயு எல்லாவற்றின் விலையும் ஏறியிருக்கும்போது, எட்டு இருக்கைகளை வைத்துக்கொண்டு அந்த விலையில் பிழைக்க வேண்டுமானால், ஒவ்வொரு இருக்கையிலும் மதியத்துக்குள் பல பேர் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். நீங்கள் இருவரும் பேசிய கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

இரண்டாவது, நூடுல்ஸின் இயல்பு. ராமென் நூடுல்ஸுக்கான மாவைக் கான்சுய் எனப்படும் காரத்தன்மையுள்ள நீரைச் சேர்த்துப் பிசைகிறார்கள். பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட் ஆகிய உப்புகள்தாம் அதில் உள்ளவை. நூடுல்ஸுக்கு மஞ்சள் சாயலும், கடித்தால் மீள்கிற துள்ளலும் இதனால் வருகின்றன. ஆனால் கொதிக்கும் சூப்பில் கிடக்கக் கிடக்க அது ஊறிப் பருத்து, அந்தத் துள்ளலை இழந்துவிடும். தென்மேற்கு ஜப்பானின் ஹகாதா வட்டாரப் பாணிக் கடைகளில் நூடுல்ஸ் மிக மெல்லியது என்பதால் இன்னும் விரைவாகக் குழைந்துவிடும். அதனாலேயே அங்கே முதலில் அளவாகப் போட்டு, அது தீர்ந்ததும் ‘காயேதாமா’ என்று கேட்டால், புதிதாக வேகவைத்த இன்னொரு பிடியை உங்கள் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சூப்பிலேயே சேர்க்கிறார்கள். இதற்காகச் சூப்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். பலரும் முதல் சுற்றிலேயே குடித்துத் தீர்த்துவிட்டு விழிப்பார்கள்.

பேச வேண்டியதைக் காப்பிக் கடையில் பேசிக்கொள்ளுங்கள். எழும்போது கிண்ணத்தைக் கவுன்டரின் மேல்தட்டில் தூக்கி வைத்து, அருகில் துணி இருந்தால் உங்கள் இடத்தை ஒரு முறை துடைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நன்றி என்ற பொருளில் ‘கொச்சிசோசமா’ என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த முறை உங்களை அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: சத்தம் போட்டு உறிஞ்சித்தான் ஆக வேண்டுமா? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கட்டாயம் இல்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது சூடு தணிகிறது, மணமும் மூக்குக்கு ஏறுகிறது என்பதால் ஜப்பானியர் அப்படிச் சாப்பிடுகிறார்கள். சத்தமின்றிச் சாப்பிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உறிஞ்சுகிறவரை நீங்களும் ஏறிட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் சைவம். இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுத் தரச் சொன்னால் சாப்பிடலாமா?

சாப்பிட முடியாது. இதில் சுற்றி வளைத்துச் சொல்வது உங்களுக்கு உதவாது. மேலே வைத்திருக்கும் பன்றி இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. சூப் என்பதே பன்றி எலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் காய்ச்சி எடுத்தது. பல கடைகளில் காய்ந்த சிறுமீனும் சேரும். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றும் தாரே என்னும் சுவைக்கலவையில் மீனின் சாரம் இருக்கலாம். மேலே மிதக்கும் மணமூட்டிய எண்ணெயும் பன்றிக் கொழுப்பாகவோ கோழிக் கொழுப்பாகவோ இருக்கக்கூடும். நூடுல்ஸ் மாவில் முட்டை சேர்க்கிறவர்களும் உண்டு. ‘யாசாய் ராமென்’, அதாவது காய்கறி ராமென் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மேலே காய்கறி குவிந்திருக்கும், கீழே அதே சூப்தான்.

ஒரே அண்டாவில் காய்ச்சிய சூப்பை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவரிடம் தனியாக ஒன்று செய்து தரும்படி மன்றாடுவதும் முறையல்ல. அதற்கென்றே இருக்கும் இடங்களைத் தேடிப் போங்கள். டோக்கியோ ரயில் நிலையத்தில், டிக்கெட் வாயிலுக்கு உள்ளேயே இருக்கும் ‘டீஸ் தான்தான்’ என்ற கடை, விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காமல் எள்ளும் மிளகாயும் கலந்த ராமென் தருகிறது.

கேள்வி: ஷோயு, ஷியோ, மிசோ, டோன்கொட்சு என்று நான்கு வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். முதல் முறை எதைச் சாப்பிடலாம்?

இந்த நான்கையும் ஒரே வரிசையில் அடுக்குவதே குழப்பத்துக்குக் காரணம். முதல் மூன்றும் சுவையூட்டும் பொருளைக் குறிப்பவை: சோயா சாஸ், உப்பு, புளிக்கவைத்த சோயா விழுது. நான்காவது, சூப் எதில் காய்ச்சியது என்பதைக் குறிக்கிறது: பன்றி எலும்பு. டோக்கியோ தெருக்கடைகளின் பழைய அடையாளம் ஷோயுதான். 1910இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் திறந்த ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்து, எளியவர்களும் சாப்பிடும்படி இவ்வகை நூடுல்ஸை விற்றது. டோன்கொட்சு 1937இல் கியூஷு தீவின் குருமே நகரிலும், மிசோ 1950களில் குளிர்மிகுந்த சப்போரோவிலும் தோன்றியவை. பன்றி எலும்புச் சூப்பின் வாடை பழகாதவர்களுக்குக் கடுமையாக இருக்கும் என்பதால் ஷோயுவில் தொடங்கும்படி சொல்வேன். ஷியோ மிகவும் நல்லதுதான். ஆனால் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாத சுவை என்பதால் சமையல்காரர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும்.

கேள்வி: நான்கு வயது மகனை அழைத்துப் போகலாமா? ஒரே கிண்ணத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமா?

கவுன்டர் மட்டுமே உள்ள கடையில் உயரமான முக்காலியில், கொதிக்கும் கிண்ணத்துக்கு முன் சிறு குழந்தையை உட்கார வைப்பது கடினம். மேசைகள் உள்ள கடையாகப் பாருங்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு கிண்ணம் வாங்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. குழந்தைக்கு உங்கள் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். சிறு கிண்ணம் கேட்டால் தருவார்கள்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

வைக்கக் கூடாது. மறந்துவிட்டுப் போனீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. சூப்பை மிச்சம் வைத்தால் கடைக்காரர் வருத்தப்படுவாரா?

மாட்டார், ஜப்பானியரே பலரும் மிச்சம்தான் வைக்கிறார்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சூப்போடு சேர்த்து முழுக் கிண்ணத்தையும் காலி செய்தால், அந்த ஒரு வேளையிலேயே அளவைத் தாண்டிவிடுவது சாதாரணம். உப்பின் பெரும்பகுதி சூப்பில்தான் இருக்கிறது. நான்கைந்து கரண்டி சுவைத்துவிட்டு, நூடுல்ஸையும் மூங்கில் குருத்தையும் முட்டையையும் முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.