சிறுநீர்ப் பாதை அடைத்தால் சிறுநீரகத்தின் நொதிகள் ஏன் மாறுகின்றன?

நொதி என்பது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். எந்த நொதி எவ்வளவு உருவாகிறது என்பதே அதன் 'வெளிப்பாடு'. கல்லோ, வீங்கிய புராஸ்டேட் சுரப்பியோ வழியை அடைத்தால் சிறுநீர் பின்னேறி, சிறுநீரகக் குழல்களை அழுத்தி விரிக்கிறது. அந்த இழுவிசையே செல்களுக்குச் சமிக்ஞை. எலிகளில் இரு பக்கமும் அடைத்துப் பார்த்தபோது, 24 மணி நேரத்தில் சிறுநீரகத்தின் உள்பகுதியில் காக்ஸ்-2 என்ற நொதி கூடியது. அது உருவாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், தண்ணீரை மீட்கும் அக்வாபோரின்-2 என்ற வாயில்களைக் குறைக்கிறது.

மதகு அடைபட்ட ஏரியை நினையுங்கள்: ஆட்களெல்லாம் கரை காக்க ஓடுவார்கள், வயலுக்கு நீர் பாய்ச்ச ஆளிருக்காது. அதுபோலத்தான் அடைபட்ட சிறுநீரகத்திலும் நீரை மீட்கும் வேலை குறைகிறது.

அடைப்பு நீங்கியதும் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போனால் 'சிறுநீரகம் தேறிவிட்டது' என்று பலர் மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அது தேங்கிய உப்பும் நீரும் வெளியேறுவதுதான், கூடவே நீரை மீட்கும் திறன் இன்னும் திரும்பாததும் காரணம்.