பிள்ளையோடு கதைக்க வரவில்லை

வணக்கம் அக்கா,

களுவாஞ்சிக்குடிப் பக்கம் என் ஊர். இப்போது 25 கிழமை. போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. கிளினிக்கை ஒருநாளும் விடவில்லை, குளிசையும் ஒழுங்காகப் போடுகிறேன். மச்சான் கட்டாரில். ஒவ்வொரு இரவும் போனில் 'பிள்ளையோட கதைச்சியா?' என்று கேட்பார். ஹெட்போனை வயிற்றில் வைத்துப் பாட்டுப் போடச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் வருகுதில்லை. பிள்ளை துடித்தால் சந்தோஷத்தை விடப் பயம்தான் வருகிறது. சில இரவுகளில் அழுவேன். அம்மா கண்டால், 'வயித்துப் புள்ளையோட அழாத, புள்ளைக்குக் கூடாது' என்பா. ஒரு குட்டிச் சட்டை வாங்கக்கூட மனம் இல்லை. நான் நல்ல தாயாக இருப்பேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு 25ஆம் கிழமையில் யாராலும் பதில் சொல்ல முடியாது, அதை விடுவோம். அழுகைக்கு வருகிறேன்.

சில இரவுகள் அழுததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் நீளும் கடும் மன அழுத்தத்துக்கும் குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு போன்றவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அங்கும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். 1990இல் அகதி முகாம்களிலும், 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் வயிற்றுப் பிள்ளையோடு கிடந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களிடம் போய் அழாதே என்று யார் சொல்லியிருப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள்.

அம்மாவோடு கோபிக்க வேண்டாம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான் என்பதால், கலியாணம் முடித்த பிறகும் தாய் பக்கத்திலேயே இருக்கிறா. பிள்ளைத்தாச்சிக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் தனியாக அழவும் இடம் கிடைக்காது. வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்து, 'சிரிச்சிட்டே இரு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். (அவர்கள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எப்படி இருந்தார்களாம்?) 'போனமுறை மாதிரி ஆகிடுமோ என்று பயமா இருக்கு' என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லிப் பாருங்கள்.

ஒருமுறை இழந்தவர்கள் அடுத்தமுறை மனதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது சாதாரணம். வேண்டாத பிள்ளைக்காக யாரும் இப்படிப் பயப்பட மாட்டார்கள். கிளினிக்கும் குளிசையும் வேறு யாருக்காக? சிலருக்கு முதல் துடிப்போடு ஒட்டுதல் வந்துவிடும். சிலருக்குப் பிள்ளை பிறந்து சில கிழமைகள் போன பிறகுதான் வரும். அவர்களும் பிள்ளையை நன்றாகத்தான் வளர்க்கிறார்கள்.

ஹெட்போனைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பிள்ளைக்கு இந்த மாதங்களில் காது கேட்கத் தொடங்கிவிடும். உங்கள் குரல் வெளியிலிருந்து மட்டும் அல்ல, உடம்புக்குள்ளாகவும் போகிறது. வேறு எந்தக் குரலும் அந்த அளவுக்கு எட்டாது. 1980இல் டிகாஸ்பர், பைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகளைச் சோதித்தார்கள். தாயின் குரலைக் கேட்பதற்காகக் குழந்தைகள் சூப்பியைச் சூப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. வயிற்றோடு விசேஷமாகக் கதைக்கும்படி அந்தத் தாய்மாரிடம் ஆய்வாளர்கள் கேட்கவில்லை. மீன்காரரோடு விலை பேசுவது, மச்சானோடு போனில் சண்டை பிடிப்பது எல்லாமே பிள்ளைக்கு உங்கள் குரல்தான். அவர் இனிக் கேட்டால் 'கதைச்சேன்' என்று சொல்லுங்கள், பொய் இல்லை.

ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டு கிடந்தால், நித்திரையோ சாப்பாடோ கெட்டால், மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் போல இதுவும் கிளினிக்கில் சொல்ல வேண்டிய விஷயம்தான். வளர்முக நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் மனநலச் சிக்கல் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதனால் மிஸ்ஸுக்கு இது புதிதாக இருக்காது. உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 1926க்கும் எடுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். 28 கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் துடிப்பை எண்ணச் சொல்வார்கள். துடிப்பு வழமையை விடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டை அவசரம் இல்லை. பிறக்க முதல் ஒன்றும் வாங்காத வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. எட்டாம் மாதத்துக்குள் ஆஸ்பத்திரிப் பையை மட்டும் அம்மாவை ஆயத்தப்படுத்தச் சொல்லுங்கள். சட்டைகளை மச்சான் கட்டாரில் இருந்து பார்சல் போடட்டும். பாவம், அவருக்கும் செய்ய ஏதாவது வேண்டும்தானே.