அனுபவம் இருக்கும்போது அறிவியல் முறை எதற்கு?

கேள்வி: அறிவியல் முறையை ஏன் பயன்படுத்துகிறார்கள்? பல வருட அனுபவம் போதாதா?

போதாது. அனுபவத்தில் பெரும்பாலும் ஒரு பக்கக் கணக்குதான் இருக்கும்.

மும்பை சயானில் எங்கள் கட்டடத்தில் ஒரு திருநெல்வேலி ஆச்சி இருக்கிறார். மழைக்காலத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவருடைய கஷாயம் வந்துவிடும். "மூணு நாள்ல எந்திச்சு உக்காந்துருவ, பாரு" என்பார். உட்கார்ந்தும் விடுகிறோம். ஆனால் சாதாரண வைரஸ் காய்ச்சல் பல நேரம் சில நாட்களில் தானாகவே இறங்கிவிடும். கஷாயம் குடிக்காதவர்கள் எப்போது எழுந்தார்கள் என்ற கணக்கு ஆச்சியிடம் இல்லை. (குடிக்காமல் தப்பித்தவர் யாரும் கட்டடத்தில் இல்லை, அது வேறு விஷயம்.) அதனால் கஷாயம் கேட்கிறதா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல வழியில்லை.

அந்த மறுபக்கக் கணக்கை எடுக்கத்தான் அறிவியல் முறை. கவனிப்பு, கருதுகோள், சோதனை என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1896-ல் மும்பையில் பிளேக் பரவியபோது வால்டெமர் ஹாஃப்கின் என்ற நுண்ணுயிரியல் விஞ்ஞானி இங்கே வந்து தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். துணிச்சல்தான். ஆனால் ஊசி ஆளைக் கொல்லாது என்பதுதான் அதில் தெரியும். பிளேக்கைத் தடுக்கிறதா என்பது தெரியாது, ஊசியே போடாத பலருக்கும்தான் நோய் வரவில்லையே!

அதே மாதம் மும்பையின் பைகுல்லா சிறைக்குள் நோய் நுழைந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி போட்டார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே சுவருக்குள் ஒரே சாப்பாடு. ஊசி போட்ட அன்றே நோய் வெளிப்பட்டவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு வந்தது, இறப்பு இல்லை. இன்று செய்தால் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார்கள். தாமாக முன்வருகிறவர்கள் மற்றவர்களைவிட உடம்பில் தெம்புள்ளவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா?

இதே கணக்கு பின்னால் ஹாஃப்கினையே காப்பாற்றியது. 1902-ல் பஞ்சாபின் முல்கோவாலில் இந்த ஊசி போட்டவர்களில் 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். பழி, ஊசி மருந்து தயாரித்த ஹாஃப்கினின் ஆய்வகத்தின் மேல் விழுந்து, அவர் பதவியை இழந்தார். ஊசி போட்டார்கள், செத்தார்கள் என்று அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசியிருந்தால் தடுப்பூசியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இறந்த 19 பேருக்கும் மருந்து ஒரே பாட்டிலிலிருந்து போயிருந்தது. அன்று மற்ற பாட்டில்களிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கோளாறு அந்த ஒரு பாட்டிலில். அதைத் திறக்கும்போது இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதும் விசாரணைப் பதிவிலேயே இருந்தன. மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதை எடுத்துச் சொல்லி வாதாடிய பிறகு, 1907-ல்தான் பழி நீங்கியது. அதன் பிறகே ஹாஃப்கின் மறுபடி இந்தியாவில் வேலைக்கு வந்தார்.