17 வயதில் முதல் குட்டியா?

வணக்கம் சகோதரி. பினாங்கில் நீங்கள் வைத்திருக்கும் 17 வயது பெண் குதிரை இதுவரை ஈன்றதே இல்லை, இப்போது ஆண் குதிரையோடு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயதைவிட அந்த 'இதுவரை இல்லை'தான் எனக்கு இடிக்கிறது. இப்படிப்பட்ட குதிரைக்குக் கருப்பை வாய் சரியாகத் தளராமல், சேர்த்த பிறகு உள்ளே நீர் தேங்கி, கரு தங்காமல் போவதுண்டு. பொலிகுதிரைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கேன், கிருமிப் பரிசோதனை, முக்கியமாகக் கருப்பைத் திசுப் பரிசோதனை செய்துவிடுங்கள். திசு மூன்றாம் தரம், அதாவது கரு தங்கி ஈனும் வாய்ப்பு மிகக் குறைவான கடைசித் தரம் என்று வந்தால், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

சரி, நல்ல முடிவே வந்தாலும் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். ஈனும்போது கருப்பைத் தமனி கிழியும் ஆபத்து வயதான குதிரைகளுக்கே அதிகம். அதுவும் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். அந்த நேரத்தில் தீவுக்குப் பாலம் தாண்டி எந்த மருத்துவர் வருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.